மரத்தூளுக்கு எது சரி: மாஸ்க்கா, அரைமுகக் கவசமா, ஏர் ஹெல்மெட்டா?

காவேரிப்பட்டணத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, அப்பாவுக்கு ராத்திரி இருமல் நிற்பதில்லை. என்95 வாங்கிக் கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கழுத்தில் தொங்க விட்டுக்கொள்கிறார். வடிகட்டிய காற்றை முகத்தில் ஊதும், பேட்டரியில் ஓடும் ஏர் ஹெல்மெட் அறுபதாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா, இல்லை வீண் செலவா?"

ஓசூரில் மாடுலர் கிச்சன் வேலை எடுப்பவர்களும் அரூர் பக்கம் நிலை, கதவு செய்கிறவர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலுக்குப் போகும் வழி ஒன்றுதான்.

தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. எந்தக் கவசம் என்று தேடுவதற்கு முன்னால் அப்பாவை நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப் போய் மூச்சுத் திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சத் தூளே போதும், நெஞ்சு இறுகிவிடும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தேவைப்படும் கவசமும் நல்ல நெஞ்சோடு இருக்கும் இருபது வயதுப் பையனுக்குத் தேவைப்படும் கவசமும் ஒன்றல்ல.

மரத்தூள் வெறும் குப்பை என்ற எண்ணம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கின் உள்ளறைகளில் வரும் புற்றுநோய்க்கும் கடின மரத்தூளுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம். பிரிட்டனில் கடின மரத்தூளுக்குச் சட்ட வரம்பு 3 மில்லிகிராம். கதவைச் சாத்திக்கொண்டு எம்.டி.எஃப். பலகையை (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தது) சாண்டரில் தேய்த்தால் இந்த அளவுகளைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

எதை வைத்து அளப்பது

கடைக்காரர் முதலில் சொல்வது வடிகட்டும் சதவீதம்தான். என்95 என்றால் 95 சதவீதம், பி100 என்றால் 99.97 சதவீதம். இந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை வடிகட்டித் துணியைப் பற்றியவை. முகத்துக்கும் கவசத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக நுழையும் காற்றை அவை கணக்கில் எடுப்பதில்லை. அதையும் சேர்த்துப் பார்ப்பதற்காக அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஓஷா அமைப்பு ஒவ்வொரு வகைக் கவசத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் கொடுத்திருக்கிறது. எண் 10 என்றால், முறையாகப் போட்டிருக்கும்போது வெளியில் உள்ள தூளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்று எதிர்பார்க்கலாம். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கும், ஃபில்டர் மாட்டும் ரப்பர் அரைமுகக் கவசத்துக்கும் எண் 10. முகத்தில் இறுக்காமல் தளர்வாக நிற்கும் ஏர் ஹெல்மெட்டுக்கு 25.

இந்த எண்ணை விடவும் பெரிய விஷயம், கவசம் எத்தனை மணி நேரம் முகத்தில் இருக்கிறது என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எண் 10 உள்ள மாஸ்க்கை 8 மணி நேர வேலையில் 1 மணி நேரம் கழற்றி வைத்தால், அன்றைய மொத்தக் கணக்கில் கிடைக்கும் பாதுகாப்பு 5-க்கும் கீழே போய்விடும். 2 மணி நேரம் கழற்றினால் 3 அளவுக்கு இறங்கும். எண் 25 உள்ள ஏர் ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான்: 1 மணி நேரம் கழற்றினால் 6 சொச்சம், கால் மணி நேரம் மட்டும் கழற்றினால் 14. கழற்றி வைத்த அந்தச் சிறிது நேரம், போட்டிருந்த நேரத்தின் பலனை விழுங்கிவிடுகிறது. அதனால் "எது நன்றாக வடிகட்டும்" என்று கேட்பதை விட "எதை நான் கழற்றாமல் இருப்பேன்" என்று கேட்டால் சரியான முடிவு வரும்.

கழற்ற வைப்பது பெரும்பாலும் வெயில். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் ரப்பர் கவசத்தை முகத்தில் இறுக்கிக்கொண்டு நிற்பது என்னவென்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது தாடி. இரண்டு நாள் மழிக்காத முகத்திலேயே இறுக்கமான கவசம் சரியாக ஒட்டாது. தாடியே வைத்திருப்பவருக்கு மாஸ்க்கும் அரைமுகக் கவசமும் பேருக்குத்தான். பிறகு மூக்குக் கண்ணாடி. மாஸ்க்கின் மேல்விளிம்பு வழியாக வரும் மூச்சு கண்ணாடியில் ஆவி படிய வைத்தால், ரம்பத்தின் முன் நிற்பவர் கவசத்தைத்தான் கழற்றுவார். அதில் அவர் மீது தப்பில்லை.

இதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆள் பாலிஷும் அடிக்கிறாரா? மூன்று வருஷத்தில் மொத்தம் எவ்வளவு காசு போகும்?

| பார்க்க வேண்டியது | என்95 / எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் | அரைமுகக் கவசம் | தலையில் மோட்டார் உள்ள ஏர் ஹெல்மெட் | இடுப்பில் மோட்டார் உள்ள ஏர் ஹெல்மெட் |
|---|---|---|---|---|
| பாதுகாப்பு எண் (ஓஷா) | 10 | 10 | 25 | 25. சில தலைக்கவசத்தோடு இன்னும் அதிகம் |
| தாடி | ஆகாது | ஆகாது | பரவாயில்லை | பரவாயில்லை |
| மூக்குக் கண்ணாடி | ஆவி படியும் | ஓரளவு | தொல்லை இல்லை | தொல்லை இல்லை |
| வெயிலில் நாள் முழுக்க | கஷ்டம் | ரொம்பக் கஷ்டம் | முடியும், கழுத்து வலிக்கலாம் | முடியும் |
| கண், முகப் பாதுகாப்பு | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| தின்னர் வாடை | தடுக்காது | உரிய கேட்ரிட்ஜ் போட்டால் தடுக்கும் | தூள் ஃபில்டர் தடுக்காது | தூள் ஃபில்டர் தடுக்காது |
| பேட்டரி நின்றால் | கேள்வியே இல்லை | கேள்வியே இல்லை | பாதுகாப்பு போய்விடும் | பாதுகாப்பு போய்விடும் |
| முதல் செலவு | பத்து, நூறுகளில் | சில ஆயிரம் | பல்லாயிரம் | பல்லாயிரம் முதல் லட்சம் தாண்டி |

ஒருமுறை போடும் மாஸ்க்

துண்டோ கர்சீப்போ கட்டுவது இதில் சேராது. கண்ணுக்குத் தெரியும் சீவலையும் பெரிய தூளையும் துண்டு தடுக்கும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள், அது துணியின் இழைக்கு நடுவே போய்விடும்.

மாஸ்க் வாங்கும்போது இந்தியத் தரம் ஐ.எஸ். 9473 அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எஃப்.பி.2 (கிட்டத்தட்ட என்95 அளவு) அல்லது அதற்கு மேல்படியான எஃப்.எஃப்.பி.3 எடுங்கள். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை முகத்தில் நன்றாக உட்காரும். மூச்சு வெளியேற வால்வு உள்ளதாக இருந்தால் வெயிலுக்குக் கொஞ்சம் தேவலை. மூக்குக் கம்பியை ஒரு விரலால் கிள்ளாமல் இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைக்க வேண்டும்.

மறைவான செலவு இதில் சிறுகச் சிறுகச் சேரும். ஒன்று 50 ரூபாய், நாளைக்கு ஒன்று, வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு 15,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஒரே மாஸ்க்கைத் தட்டித் தட்டி ஒரு வாரம் போடுவார்கள். அதற்குள் பட்டை தளர்ந்து ஓரம் விலகிவிடும்.

பொருத்திக் கொடுக்கும் வேலைக்கு வீடு வீடாகப் போகிறவர், நாளில் அரை மணி, முக்கால் மணி மட்டும் அறுக்கிறவர், மழித்த முகம் உள்ளவர் என்றால் இதுவே போதும். இவர்களுக்கு ஏர் ஹெல்மெட் வாங்கச் சொல்வது நியாயமில்லை.

அரைமுகக் கவசம்

ரப்பர் அல்லது சிலிக்கான் உடம்பு, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் ஃபில்டர். முகத்தில் ஒட்டும் விதம் மாஸ்க்கைவிட நம்பகமானது. போட்டவுடன் ஃபில்டரை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி நின்றால் இடுக்கு இல்லை என்று அர்த்தம். தினமும் பத்து நொடி ஆகும் வேலை.

காசுக்கு ஏற்ற பாதுகாப்பு என்று பார்த்தால் எனக்கு இதுவே முதலிடம். கவசம் 2,000, ஃபில்டர் ஜோடி மாதம் 800 என்று வைத்தாலும் முதல் வருஷம் 11,600-தான் வருகிறது. ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பொருள் கொடுக்கும் கடைகளில் கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. கழுவலாம், பாகம் மாற்றலாம்.

இன்னொரு பலம் பாலிஷ் வேலை. சீலர், தின்னர், பி.யு. அடிக்கும்போது வருவது தூள் அல்ல, ஆவி. பி100 தூள் ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஆவியைத் தடுக்காது. அதே கவசத்தில் கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜும் தூள் ஃபில்டரும் சேர்ந்ததை மாட்டினால் இரண்டுக்கும் ஆகும். கேட்ரிட்ஜை வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் சும்மா இருக்கும்போதே தீர்ந்துகொண்டிருக்கும்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வெயிலில் உள்ளே வியர்வை தேங்கும், மூச்சு இழுக்கக் கனமாக இருக்கும், பேசினால் கேட்காது. மதியத்துக்கு மேல் அது மேசைமேல் கிடக்கும் பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே போட்ட கணக்குப்படி, மேசைமேல் கிடக்கும் அந்த நேரம் காலையில் கிடைத்த பலனையும் கொண்டுபோய்விடுகிறது.

ஏர் ஹெல்மெட்

கேட்டலாக்கில் பி.ஏ.பி.ஆர். என்று போட்டிருப்பது இதைத்தான். சிறு மோட்டார் பட்டறைக் காற்றை ஃபில்டர் வழியே இழுத்து முகத்தின் முன் ஊதும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் தூள் இடுக்கில் நுழையாமல் காற்று வெளியே தள்ளப்படுகிறது. தாடி தொல்லை இல்லாமல் போவது இதனால்தான். மூச்சு இழுக்கும் பாரமும் இல்லை. நியோஷ் விதிப்படி தளர்வான வகைக்கு நிமிஷத்துக்குக் குறைந்தது 170 லிட்டர் காற்று வர வேண்டும். ஐரோப்பியத் தரம் ஈ.என். 12941-இல் டி.எச்.1, டி.எச்.2, டி.எச்.3 என்று மூன்று படி. உள்ளே கசியக்கூடிய அளவு முறையே 10, 2, 0.2 சதவீதம். மரப்பட்டறைக்கு டி.எச்.2-க்குக் கீழே இறங்காதீர்கள். டி.எச்.1-இன் பாதுகாப்பு கிட்டத்தட்ட நல்ல மாஸ்க் அளவுதான், அதற்கு இவ்வளவு காசு கொடுப்பதில் பொருள் இல்லை.

ஊதும் காற்று குளிர்ந்த காற்று இல்லை, பட்டறையில் என்ன சூடோ அதே சூடுதான். இருந்தாலும் முகத்தில் காற்று ஓடுவதால் வியர்வை காய்கிறது. ஆள் அதைக் கழற்றாமல் இருக்க வைப்பது இந்த ஒரு குணம்தான்.

தலையிலேயே மோட்டாரும் பேட்டரியும் இருக்கும் வகையில் குழாய் கிடையாது. கடைசல் பட்டறையில் இது பெரிய நிம்மதி. சுழலும் மரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் எதுவும் ஆபத்து. முன்கண்ணாடியில் ஈ.என். 166 'பி' தரம் இருந்தால் தெறிக்கும் துண்டுக்கும் தாங்கும். பாரம் சுமார் ஒரு கிலோ. குனிந்து செதுக்கும் வேலை நாள் முழுக்க இருந்தால் கழுத்து சொல்லிவிடும். மோட்டார் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும், காது மூடியை அதன்மேல் மாட்ட முடியுமா என்று கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

இடுப்புப் பட்டையில் மோட்டார் வைத்து முதுகு வழியே குழாய் போகும் வகையில் தலை லேசாக இருக்கும், பேட்டரி பெரிதாக இருக்கும். 3எம் வெர்சாஃப்ளோ போன்றவை இந்த வகை. ஒரே மோட்டாரை இரண்டு ஆள் மாறி மாறிப் பயன்படுத்தவும் வசதி உண்டு, தலையில் போடுவது மட்டும் ஆளுக்கு ஒன்று வாங்கினால் போதும். அடுத்தவர் வியர்வை பட்டதைப் போடச் சொன்னால் யாரும் போட மாட்டார்கள். குழாய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே ஓர் உறை போட்டுக்கொள்ளலாம். நின்று சாண்டிங், ரூட்டர் (பலகையில் பள்ளமும் ஓரமும் வெட்டும் மெஷின்) வேலை செய்யும் பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, விலைச்சீட்டில் வராத செலவுகள். முதலாவது பேட்டரி. தினமும் சார்ஜ் ஏற்றினால் இரண்டு மூன்று வருஷத்தில் நேரம் குறைந்துவிடும், தனியாக வாங்கினால் விலை துணுக்குறச் செய்யும். கரண்ட் போகும் நாளுக்காக இரண்டாவது பேட்டரியும் வேண்டியிருக்கலாம். அடுத்து முன்கண்ணாடி. மரத்தூளைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், மேலே ஒட்டும் மெல்லிய தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். தாடையைச் சுற்றி வரும் துணி வியர்வையில் நைந்துபோகும். முன்ஃபில்டர் மாற்றினால்தான் பெரிய ஃபில்டர் நீடிக்கும். ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது. இழை கிழிந்தால் வெளியில் தெரியாது, தூள் மட்டும் உள்ளே வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஹெல்மெட் 60,000, மூன்று வருஷத்தில் ஒரு பேட்டரி 12,000, ஃபில்டரும் சில்லறையும் வருஷத்துக்கு 4,000. மொத்தம் 84,000, வேலை நாளுக்கு 93 ரூபாய். இந்த எண்களை உங்களுக்குக் கடையில் சொன்ன விலையால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் நாளுக்கு 50 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 60,000 என்று கேட்டவுடன் வந்த பயம் கொஞ்சம் குறையும்.

மோட்டார் நின்றால் என்ன செய்வது என்பதை வேலையாட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தளர்வான ஹெல்மெட்டில் காற்று நின்றால் பாதுகாப்பும் போய்விட்டது, விட்ட மூச்சும் உள்ளேயே தேங்கும். தூள் இடத்தை விட்டு வெளியே வந்து அப்புறம் கழற்ற வேண்டும். கூடவே கொடுக்கும் காற்று அளவு பார்க்கும் கருவியைக் காலையில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

இணையத்தில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், குட்டி மின்விசிறி வைத்த மாஸ்க்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்தத் தர எண்ணும் அச்சிடாத பொருள் என்றால் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல அரைமுகக் கவசம் கிடைக்கும்.

பாலிஷ் அறைக்குள் சாதாரண ஏர் ஹெல்மெட்டோடு போகவும் கூடாது. தூள் ஃபில்டர் ஆவியைத் தடுக்காது என்பதோடு, தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் அதற்கென்று சான்று பெறாத மோட்டாரும் பேட்டரியும் தீப்பொறிக்கு வழி.

கம்ப்ரஸரில் இருந்து குழாய் இழுக்கலாமா?

பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் கம்ப்ரஸரை முகக்கவசத்துக்கு இணைத்துவிடலாம் என்ற யோசனை வருகிறது. வேண்டாம். ஆணி அடிக்கும் கன்னுக்கு ஓடும் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கும், சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் கலக்கலாம். மூச்சுக்கென்று தனி வடிகட்டி வரிசையும் காற்றின் தரப் பரிசோதனையும் வேண்டும். அவ்வளவு ஏற்பாடு செய்வது பெரிய தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும், நமக்கு இல்லை.

எந்தப் பட்டறைக்கு எது

மாந்தோப்பில் வெட்டிய மரத்தில் பெட்டி அடிப்பவர், திறந்த கொட்டகையில் அறுப்பும் இழைப்பும் மட்டும் செய்பவர்: அங்கே பறப்பது பெரும்பாலும் பெரிய தூளும் சீவலும். மழித்த முகமாக இருந்தால் எஃப்.எஃப்.பி.2 மாஸ்க், அறுப்பு அதிகமுள்ள நாளில் அரைமுகக் கவசம்.

எம்.டி.எஃப்., பிளைவுட் வெட்டி ரூட்டர் ஓட்டி நாள் முழுக்கத் தேய்க்கும் ஓசூர் கிச்சன் பட்டறைகள் வேறு கணக்கு. எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது, பிசினும் கலந்தது. நாளைக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இதில் நிற்பவருக்கு இடுப்பு மோட்டார் ஏர் ஹெல்மெட் நியாயமான செலவு.

நான்கு ஆள் வேலை செய்யும் பட்டறையில் முதலாளி மட்டும் ஹெல்மெட் போட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. தூள் எல்லார் மூச்சிலும்தான் போகிறது. அங்கே முதல் காசு சாண்டரிலும் டேபிள் ரம்பத்திலும் மாட்டும் தூள் உறிஞ்சும் மெஷினுக்குப் போகட்டும், அடுத்து நான்கு பேருக்கும் அரைமுகக் கவசம், மிச்சம் இருந்தால் சாண்டிங் செய்பவருக்கு ஏர் ஹெல்மெட். தரையைக் கம்ப்ரஸரால் ஊதுவதையும், தூள் படிந்த இடத்தில் நிற்கும் ஃபேன் போடுவதையும் நிறுத்தினால் காசில்லாமலே பாதித் தொல்லை குறையும். படிந்த நுண்தூளை மறுபடி கிளப்பிவிட்டால் அது மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வேலை முடிந்தது என்று எல்லாரும் கவசத்தைக் கழற்றியிருப்பார்கள்.

காவேரிப்பட்டணம் தம்பியின் அப்பாவுக்கு என் பதில்: மருத்துவர் ஆஸ்துமா என்று சொன்னாலும், அவருக்குத் தாடி இருந்தாலும், ஏர் ஹெல்மெட்டே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். இரண்டும் இல்லை என்றால் முதலில் ஒரு மாதம் நல்ல அரைமுகக் கவசத்தைக் கொடுத்துப் பாருங்கள். மதியத்துக்கு மேலும் அது முகத்தில் இருந்தால் அதுவே போதும். மேசைமேல் கிடந்தால் ஏர் ஹெல்மெட்டுக்குப் போங்கள், கவசத்தைப் பாலிஷ் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் கடைக்காரரிடம் பேட்டரி, ஃபில்டர், முன்கண்ணாடி மூன்றின் தனி விலையையும் எழுதி வாங்குங்கள். அப்பாவை நேரில் கூட்டிப்போய், அவர் கண்ணாடியோடு, மோட்டாரை ஓட விட்டு அரை மணி நேரம் தலையில் வைத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் அறுபதாயிரம் கொடுக்க வேண்டாம்.